பத்து நிமிட இசையும் முப்பத்தொரு நாள் துடக்கும்

அந்த இசை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அமெரிக்க இசையமைப்பாளர் ஒருவர் ஒரு நாடகத்துக்காக எழுதியது. நாடகம் எடுபடவில்லை. சில காலம் கழித்து அவர் இசையை மட்டும் தனியே எடுத்து, தந்தி வாத்தியங்களுக்கும் ஒரு ட்ரம்பெட்டுக்கும் ஒரு கோர் ஆங்லேக்குமாகத் திருப்பி எழுதினார். கோர் ஆங்லே என்பது ஒபுவா என்கிற மேல்நாட்டுக் குழலுக்கு மூத்த சகோதரி போன்றது. அதைவிட நீளம், அடிப்பக்கம் பேரிக்காய் போலப் புடைத்திருக்கும், குரல் தணிந்தது.

இந்த இசையைப் பதினைந்துக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகளில் கேட்டிருக்கிறேன். மூன்று முறை அரங்கிலே கேட்டிருக்கிறேன். என் மகள் மேடையில் வாசிக்க ஒருமுறையும் கேட்டதில்லை. அவள் வாசிக்கவிருந்த ஒரே நாளில் நான் அவளைப் போகவிடவில்லை. அதற்கு நான் சொன்ன காரணம் பொய். உண்மையான காரணம் அதைவிடக் கேவலமானது. இரண்டையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இலங்கையில் போர் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் பாரிஸுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் ஒரு தொடர்மாடியின் நான்காவது தளத்தில் இருந்தோம். நான், மனைவி, பதினேழு வயது மகள். ஊரில் நான் பௌதிகம் படித்து உயர்தர வகுப்புகளுக்குக் கற்பித்தவன். பாரிஸில் முதல் ஐந்து வருடம் உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். பிறகு ஒரு காப்புறுதி நிறுவனத்தின் தபால் பிரிவில் வேலை. ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

மகளை எட்டு வயதில் எங்கள் நகரத்துக் கொன்சேர்வத்துவாரில் சேர்த்தோம். அது நகராட்சி நடத்துகிற இசைப்பள்ளி. வயலின் படிக்கட்டும் என்பது என் எண்ணம். பின்னாளில் கர்நாடக சங்கீதத்துக்கும் உதவும். வயலின் வகுப்பு நிரம்பிவிட்டது, ஒபுவாவில் இடம் இருக்கிறது என்றார்கள். ஒபுவா என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. முதல் நாள் ஆசிரியை ஒரு சிறு பெட்டியைத் திறந்து, நாணலில் சீவிக் கட்டிய இரட்டை நாக்கொன்றை எடுத்து மகளின் உதட்டில் வைத்தார். அது சீவாளி. எங்கள் நாதஸ்வரத்துக்கு வைக்கிற அதே சீவாளி, சற்று ஒல்லியானது. அதைப் பிடுங்கி எடுத்துவிட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் படிவத்தில் கையெழுத்திட்டேன்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் ஊரில் நாதஸ்வரம் ஊதுகிறவர்கள் ஒரு சாதி, நாங்கள் வேறு சாதி. கலியாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் அவர்களைப் பிடிப்போம். நல்ல வித்துவான் என்றால் சால்வை போர்த்துவோம். சாப்பாடு மட்டும் தனியே கொடுப்போம். நான் இளைஞனாக இருந்தபோது சாதிக்கு எதிராகக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். குழாய்களில் ஒலி எப்படிப் பிறக்கிறது என்று பாடம் நடத்தியபோது உதாரணத்துக்கு நாதஸ்வரத்தைத்தான் சொல்லுவேன். அதெல்லாம் உண்மை. என் பிள்ளையின் உதட்டில் சீவாளியைக் கண்டபோது அதைப் பிடுங்கத் தோன்றியதும் உண்மை.

மகள் நன்றாக வாசித்தாள். இது தகப்பன் சொல்வதல்ல. எனக்கு அப்போது அந்த இசையைத் தரம் பிரிக்கத் தெரியாது. ஆசிரியை சொன்னார். அந்த வருட இறுதிக் கச்சேரி முழுவதும் அமெரிக்க இசை என்று முடிவானபோது, கோர் ஆங்லேயின் தனிப்பகுதியை அவளிடம் கொடுத்தார். பள்ளிக்குச் சொந்தமான வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழக இரவலாகவும் தந்தார். இன்னொரு நகரத்து உயர் இசைப்பள்ளியில் ஒபுவா கற்பிக்கும் ஒருவர் அன்றைக்கு வந்து கேட்பார், அவருக்குப் பிடித்துவிட்டால் அடுத்த வருடம் அவள் அங்கே போகலாம் என்றும் சொன்னார். மகளுக்கு எல்லாம் அந்த ஒரு மாலையில் இருந்தது.

இரண்டு மாதம் எங்கள் வீடு அமெரிக்காவாக இருந்தது. நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியில், நியூயோர்க் தெருக்களில் இரண்டு கும்பல்கள் மோதிக்கொள்கிற ஓர் இசைநாடகத்தின் நடனங்கள். அதில் வாத்தியக்காரர்கள் இடையிலே விரல் சொடுக்க வேண்டும். ஓரிடத்தில் எல்லோரும் சேர்ந்து கத்தவும் வேண்டும். மகள் சாப்பாட்டு மேசையிலும் சொடுக்கிக்கொண்டிருப்பாள்.

"சோத்துக்கு முன்னாலை விரல் சொடுக்காதை, பிள்ளை," என்பாள் மனைவி.

"இது பாடம், அம்மா."

"என்ன பாடமோ. காசு கட்டிச் சண்டியன்மாரின்ரை பழக்கம் படிக்கிறாய்."

சொல்லிவிட்டு அவளும் சமையலறையில் சொடுக்கிப் பார்ப்பாள். அவளுக்குச் சத்தம் வராது. நானும் சிரித்தேன். அந்த நாட்களில் எனக்கு எந்த எதிர்ப்பும் இருக்கவில்லை.

சனிக்கிழமைகளில் நான் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் போவேன். மரக்கறி, மீன், ஊர்ப் பத்திரிகை. பிறகு ரூ பெர்தொனே என்கிற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி. அங்கே ஊர்க்காரர் நாலைந்து பேர் வழமையாக இருப்பார்கள். கச்சேரிக்கு ஒரு மாதம் இருக்கையில், அவர்களில் ஒருவர், நகைக்கடையில் வேலை செய்கிறவர், என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார்.

"வாங்கோ அண்ணை. உங்கடை மகள் குழல் ஊதுறாவாம், என்ரை மகன் சொன்னான்."

"ஒபுவா. மேல்நாட்டு வாத்தியம்."

"ஓம் ஓம், போனிலை படம் காட்டினவன். சீவாளி வைச்சுத்தானே ஊதுறது?"

"ஓம்."

"அப்ப அது நாதஸ்வரத்தின்ரை ஒன்றுவிட்ட தங்கச்சி." எல்லோரும் சிரித்தார்கள். "நல்லதாப் போச்சு அண்ணை. கலியாண வீட்டுக்கு மேளம் பிடிக்க இனி லண்டனுக்குப் போன் அடிக்கத் தேவையில்லை. உங்கடை வீட்டுக் கதவைத் தட்டினாச் சரி."

"தவிலுக்கு அண்ணையையே இருத்தலாம்," என்றார் இன்னொருவர். "வகுப்பிலை மேசையிலை அடிச்ச கைதானே."

மூன்றாமவர் வயதானவர், சிரிக்காதவர். அவர் மெதுவாகச் சொன்னார்: "பகிடி கிடக்கட்டும் தம்பி. நாளைக்கு ஒரு சம்பந்தம் வந்தா, பொம்பிளை என்ன செய்யிறா எண்டு கேப்பினம். மேடையிலை ஏறி ஊதுறா எண்டு சொல்லுவீரோ?"

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். ரயிலில் வீட்டுக்கு வரும்வழி முழுவதும் மேடையையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தச் சின்ன அரங்கில் எங்கள் ஆட்கள் இரண்டு மூன்று குடும்பமாவது வரும். யாராவது போனில் படம் பிடிப்பார்கள். என் பிள்ளை கன்னம் உப்ப ஊதுகிற படம் ஊர் முழுக்கச் சுற்றும். ஒபுவாவுக்குக் கன்னம் உப்புவதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து ரொறன்ரோவில் என் பெரியப்பாவின் மகன் இறந்துபோனார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முப்பது வருடமாக நேரில் கண்டதில்லை. பெரியப்பா மகன் என்றால் எங்களுக்குப் பங்காளி, எனவே முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கோயிலுக்குப் போகக்கூடாது, நல்ல காரியங்களில் நிற்கக்கூடாது. கச்சேரி பத்தொன்பதாம் நாளில் வந்தது.

தொலைபேசியை வைத்த கையோடு எனக்கு வந்தது துக்கமல்ல, ஆறுதல். வழி கிடைத்துவிட்டது என்ற ஆறுதல்.

அன்று மாலையே மகளிடம் சொன்னேன். அவளுக்கு அவர் பெரியப்பா முறை. "பெரியப்பாவின்ரை துடக்கு கிடக்கு. கச்சேரிக்குப் போகேலாது."

மகள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குப் பிரெஞ்சுதான் வரும். "அது கோயில் இல்லை, அப்பா. நகராட்சி அரங்கு. கலியாணமும் இல்லை. சோகமான இசை அது."

"மேடை மேடைதான்."

மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "இஞ்சாருங்கோ, இது எப்பத் தொடக்கம்? போன துடக்குக்குள்ளை ஆருக்கும் சொல்லாமல் போய்க் கலியாணச் சாப்பாடு சாப்பிட்டிட்டு வந்தனீங்கள். மூடநம்பிக்கை எண்டு எனக்கு விளக்கமும் சொன்னனீங்கள்."

"இது சொந்தப் பெரியப்பா மகன். அண்ணன் முறை."

"அவரைப் பற்றி உங்கடை வாயாலை ஒரு நாள் ஒரு சொல்லு நான் கேட்டதில்லை."

நான் குரலை உயர்த்தினேன். அப்பா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவர் அவர் என்றேன். அதுவும் பொய். அவர் எனக்கு ஒருமுறை சைக்கிள் இரவல் தந்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் குரல் நடுங்கியது, அது நடிப்பல்ல. பிடிபட்டுவிடுவேனோ என்ற பயம். மகள் என் முகத்தைப் பார்த்தாள். அந்த நடுக்கத்தைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு அவள் வாதாடவில்லை. எழுந்து வந்து என் தோளில் கை வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

அடுத்த நாள் ஆசிரியை தொலைபேசியில் வந்தார். அவர் கெஞ்சவில்லை, விளக்கினார். "முசியூ, அந்த இசையமைப்பாளர் கோர் ஆங்லேயை ஏன் சேர்த்தார் தெரியுமா? ட்ரம்பெட்காரருக்கு இடையிலே மூச்சு வாங்க நேரம் வேண்டும். அதற்காகத்தான். ஆனால் எழுதிவந்தபோது அந்த மூச்சு வாங்குகிற இடமே இசையின் பாதி ஆகிவிட்டது. அந்தப் பாதி உங்கள் மகளிடம் இருக்கிறது."

என் அண்ணன் இறந்துவிட்டார், எங்கள் வழக்கப்படி ஒரு மாதம் துக்கம் என்றேன். ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லவில்லை. பிரெஞ்சில் அதற்கு வேறு சொல் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும்.  ஆசிரியை, தெரியாமல் தொந்தரவு செய்ததற்கு மன்னிக்கவேண்டும் என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

கச்சேரி நடந்தது. கோர் ஆங்லேயை ஆசிரியையே வாசித்தார். இரண்டு நாள் கழித்து மகள் ஒரு பெரிய வெள்ளை உறையையும் ஓர் இசைத்தட்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உறைக்குள் அனுதாப மடல். வாத்தியக்குழுவில் இருந்த நாற்பது பேரும் கையெழுத்திட்டிருந்தார்கள். சிலர் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். ட்ரம்பெட் வாசித்த பையன், "உங்கள் அண்ணனுக்காக என்னால் முடிந்தவரை மெதுவாக ஊதினேன்" என்று எழுதியிருந்தான். இசைத்தட்டில், வாசிப்பு தொடங்குமுன் நடத்துநரின் குரல் கேட்கும்: இன்று எங்களோடு இருந்திருக்க வேண்டிய ஒரு மாணவியின் குடும்பத்துக்கு, அவர்கள் இழந்தவரின் நினைவுக்கு இதை வாசிக்கிறோம். அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை.

ரொறன்ரோவில் இறந்தவரின் சொந்த மகன் அந்த வாரம் வேலைக்குப் போயிருந்தான்.

கேட்க வந்திருந்த மற்ற நகரத்து ஆசிரியர் அடுத்த வருடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார். பள்ளி வருடம் முடிந்ததும் மகள் கோர் ஆங்லேயைத் திருப்பிக் கொடுத்தாள். தன்னுடைய ஒபுவாவையும் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். மருந்தியல் படித்தாள், லில் நகரத்துக்கு வேலைக்குப் போனாள். அவள் என்மேல் குற்றம் சொன்னதே இல்லை. அதை நான் பெருந்தன்மை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, குற்றம் சொல்ல அவளுக்குக் காரணமே இருக்கவில்லை. அவள் என்னை நம்பியிருந்தாள்.

ஓய்வு பெற்றபின் நான் கேட்கத் தொடங்கினேன். முதலில் அந்த இசைத்தட்டு. பிறகு நகராட்சி நூலகத்தில் இரவல் வாங்கிய ஒலிப்பதிவுகள். பழைய அமெரிக்கப் பதிவொன்றில் ட்ரம்பெட் முன்னுக்கு நிற்கும், கோர் ஆங்லே பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து பதில் சொல்வது போலிருக்கும். இன்னொன்றில் இரண்டும் ஒரே மேசையில் இருந்து பேசும். ஐரோப்பியக் குழுக்கள் பெரும்பாலும் மிக மெதுவாக வாசிப்பார்கள். அப்போது அது வெறும் அழுகையாகிவிடும். எழுதியவர் அழுகை எழுதவில்லை. தூக்கம் வராதவனின் மனம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை எழுதினார். இவ்வளவும் எனக்கு இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஆற்றங்கரைப் பெரிய நாடக அரங்கில் அந்த வருடங்களில் அமெரிக்க இசைநாடகங்கள் அடுத்தடுத்து ஏறின. மலிவு இடமாகப் பார்த்து மேல்மாடியில் உட்காருவேன். அங்கிருந்து நடிகர்களின் உச்சந்தலைதான் தெரியும், ஆனால் மேடைக்குக் கீழே வாத்தியக் குழி முழுவதும் தெரியும். பாட்டும் ஆட்டமும் நடக்க நான் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒபுவா வாசித்த பெண் தனக்கு வேலை இல்லாத நேரமெல்லாம் சீவாளியை வாயில் ஈரமாக வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் நாதஸ்வரக்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள். அவள் அருகில் இருந்தவரோடு ஏதோ பகிடி விட்டுச் சிரித்துவிட்டு, சரியான கணத்தில் வாத்தியத்தைத் தூக்கினாள். அவளுக்குச் சாதி இல்லை. யாரும் அவளுக்குத் தனியே சாப்பாடு வைக்கப் போவதில்லை. இவ்வளவு எளிமையான விஷயத்தைப் பார்க்க நான் இருபது யூரோ கொடுத்து மூன்றாவது மாடிக்கு ஏறவேண்டியிருந்தது.

மனைவி இறந்தது கச்சேரிக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து. இதயம், ஒரு வாரம்கூடப் படுக்கவில்லை. மகள் லில்லிலிருந்து வந்து எல்லாவற்றையும் செய்தாள். பத்திரங்கள், நகராட்சி, தகனம், எல்லாம். பத்தாம் நாள் மதியம் சமையலறையில் இருவரும் இருந்தோம். அவள் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சொன்னாள், ஒரு வருடமாகத் திரும்ப ஒபுவா வாசிக்கிறாளாம். லில்லில் ஒரு வாத்தியக்குழு. வைத்தியர்கள், ஆசிரியர்கள், தபால்காரர் ஒருவர் என்று எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். அம்மாவுக்குத் தெரியும் என்றாள். வரும் ஞாயிறு பின்னேரம் நிகழ்ச்சி. அந்தச் சண்டைக் கும்பல் நடனங்கள்தான்.

"வரவில்லை என்று எழுதிவிட்டேன்," என்றாள் பிரெஞ்சில். பிறகு தமிழில், "முப்பத்தொரு நாள் தானே, அப்பா? பெரியப்பாவுக்கே நீங்கள் அப்பிடி இருந்தனீங்கள். அம்மாவுக்கு நான் இருக்கவேணும்."

நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். பல நாள் இதை யோசித்திருக்கிறேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவள் அம்மாவுக்காக ஒரு நல்ல காரியம் செய்தவளாக இருந்திருப்பாள். நானும் அண்ணனுக்காக அழுத தம்பியாக இருந்திருப்பேன். ஆனால் அவள் இரண்டாவது முறையும் என் பொய்யின் பேரில் மேடையை விடப்போகிறாள். அதற்கு மட்டும் என்னால் வாய்மூடி இருக்க முடியவில்லை.

சொன்னேன். தேத்தண்ணிக் கடை, சீவாளி, மேளம் பிடிக்கிற பகிடி, சம்பந்தம். அந்த அண்ணனை எனக்குச் சரியாகத் தெரியாது என்பதையும் சொன்னேன். ஒன்றையும் மெருகேற்றவில்லை. சுருக்கமாகவே முடிந்துவிட்டது.

அவள் கத்தியை வைத்துவிட்டாள். "சாதியா?" என்றாள். பிரெஞ்சில் அந்தச் சொல் இன்னும் அந்நியமாகக் கேட்டது, ஏதோ பாடப்புத்தகத்தில் வருவது போல. "ஓம்," என்றேன்.

நறுக்கிய காயைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டாள். பிறகு மெதுவாக, எனக்குச் சொல்வது போலல்லாமல் தனக்குத்தானே கணக்குத் தீர்ப்பது போலச் சொன்னாள்: "நான் அந்த மடலைக் கொண்டுவரும்போது பேருந்தில் அழுதேன். உங்களுக்காக. எனக்காக இல்லை. அதை நினைத்துத்தான் இவ்வளவு வருடம் பரவாயில்லை என்று இருந்தேன்."

"என்னை மன்னிக்க வேண்டாம்," என்றேன்.

"மன்னிக்கிறேன் என்று நான் சொல்லவில்லையே," என்றாள்.

அவள் ஞாயிற்றுக்கிழமை போய் வாசிப்பாள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. அது அம்மாவுக்காக, தன் முடிவு, அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றாள். முப்பத்தொரு நாளும் சரியாக இருந்தாள். புறப்படுகிற அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னாள்: "இசைப்பள்ளி மதாமுக்கு எழுதுங்கோ. அவ இன்னும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருப்பா. நான் எழுதமாட்டன், அது என்ரை பொய் இல்லை."

பிரெஞ்சில் கடிதம் எழுத எனக்கு நான்கு நாள் எடுத்தது. சாதி என்பதை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்கு விளக்குவது கடினமாக இருக்கவில்லை. அதை நான் செய்தேன் என்று எழுதுவதுதான் கடினமாக இருந்தது. எழுதி, இசைப்பள்ளி முகவரிக்கு அனுப்பினேன். ஆசிரியை ஓய்வு பெற்றுத் தெற்கே போய்விட்டார். கடிதம் அவரைத் தேடிப்போகச் சில வாரம் ஆயிற்று.

பதில் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. அன்று தான் அந்தப் பகுதியை நன்றாக வாசிக்கவில்லை என்று எழுதியிருந்தார். ஒரு மனிதரின் சாவை நினைத்துக்கொண்டு வாசித்ததில் இழுத்து இழுத்து வாசித்துவிட்டாராம். என் மகள் வாசித்திருந்தால் அப்படிச் செய்திருக்கமாட்டாள், அவளுக்கு அந்த இசை அழுகை அல்ல என்று தெரிந்திருந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கடைசியில் மகளின் முகவரியைக் கேட்டிருந்தார்.

மகளிடம் தொலைபேசியில் கேட்டேன். "குடுங்கோ," என்றாள்.

கொடுத்தேன். அவர்கள் எழுதிக்கொள்கிறார்களா, பேசுகிறார்களா, எனக்குத் தெரியாது. மகள் முன்பு ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பாள். இப்போது மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறாள். மருந்து எடுத்தீர்களா, பத்திரங்கள் வந்ததா என்று கேட்பாள். அவள் எப்போது, எங்கே, என்ன வாசிக்கிறாள் என்று நான் கேட்பதில்லை. சொன்னால் போவேன். இதுவரை சொல்லவில்லை.